நாடகம் முடியட்டும்

தட்டை வைத்துவிட்டாள். இனிமேல் இந்த நானூறு பேரும் அந்தக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். மேடையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மருமகளாக நடிக்கிற விஜயகௌரி ஒரு தட்டில் சோறு போட்டாள், மாடிப்படி ஏறினாள், பூட்டிய அறைக்கு முன்னால் தட்டை வைத்தாள், வாய் திறக்காமல் இறங்கி வந்தாள், அவ்வளவுதான். உள்ளே இருப்பது யார், பூட்டியது யார், எதற்காகப் பூட்டினார்கள் என்று எனக்குப் பக்கத்து சீட்டு அம்மா இப்போதே முன்னால் சாய்ந்துவிட்டாள், மடியிலிருந்த கைப்பை சரிந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை. முப்பது வருஷமாக என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி இந்தக் கோயமுத்தூரில் நாடகம் எழுதிக் கிழிப்பது இந்த ஒரு வித்தையைத்தான். முதல் ஐந்து நிமிஷத்தில் பார்க்கிறவன் மனசில் ஒரு கேள்வியைப் போடு, பதிலைக் கடைசி ஐந்து நிமிஷம் வரைக்கும் கண்ணில் காட்டாதே, நடுவில் எவனும் எழுந்து போகமாட்டான். எனக்கு அந்தக் கேள்வி இல்லை. அறைக்குள் யாருமில்லை, எழுதின அன்றைக்கே எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது வேறொன்று. மேடை ஓரத்தில் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று ஜனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அந்த மனுஷரின் சட்டைப் பையில் அது நாலாக மடித்து இருக்கிறது. என் இடது மார்பில் இருக்கிற கட்டி புற்றுநோயா இல்லையா என்று சொல்கிற காகிதம்.

ஊசி போட்டுச் சதை எடுத்த இடத்தில் பிளாஸ்திரி அரிக்கிறது. பத்து நாளாக அரிக்கிறது. நானூறு பேர் நடுவில் ரவிக்கைக்குள் கையை விட்டுச் சொறிய முடியுமா, முந்தானையை இழுத்து அதன்மேல் முழங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மா, ரெண்டு பேரும் வாங்க என்றுதான் சொல்லியிருந்தார். இவர்தான், "நீ வேண்டாம் அம்மிணி, நாடகத்தன்னைக்கு அலையாத, நான் போய் வாங்கியாறேன்" என்று பன்னிரண்டு மணிக்குப் போனார். வந்தது ரெண்டு மணிக்கு. செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். என்றைக்காவது ஜோடியாக வைத்திருக்கிறாரா? வாங்கிட்டீங்களா என்று கேட்டேன். வாங்கிட்டேன் என்றார். சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார், நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும். வாயைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "நாடகம் முடியட்டும். சொல்றேன்." அப்படியே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரை விழுகிற மாதிரி என்று சொன்னால் ரொம்பப் பெருமைப்படுவார், அதனால் சொல்லமாட்டேன். மனுஷன் வீட்டுக்குள் பேசுகிற பேச்சா அது? எந்த வீட்டிலாவது புருஷன், பெண்டாட்டியிடம், உன் உசுரு விஷயம் ஒன்று இருக்கிறது, ஆனால் ஏழேகால் மணிக்குச் சொல்கிறேன் என்பானா? இவர் சொல்வார். சொன்னார். நானும் சாதம் வடித்துக்கொண்டிருந்த கையோடு சரி என்று நின்றேன், அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் கேட்கவில்லை? சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். பையில் கையை விட்டு எடுத்திருக்கலாம், ஆறடி தூரம்தான். நாடகக்காரர்கள் வேன் வந்து ஹாரன் அடித்தது, விஜயகௌரி பூ கேட்டு உள்ளே வந்துவிட்டாள், அதெல்லாம் சாக்கு. பயம். கெட்ட சேதி என்றால் இன்னும் ஐந்து மணி நேரம் தெரியாமல் இருந்துவிட்டுப் போகலாமே என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். அது பாதிதான். மீதிப் பாதி, எனக்குப் பழக்கம். கேட்காமல் காத்திருக்க என்னைப் பழக்கிவைத்திருக்கிறார். இவர் எழுதிய இருபத்தேழு நாடகத்தையும் முதலில் கேட்டவள் நான், சமையல்கட்டில், தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே. அவர் எதிரில் முக்காலியில் உட்கார்ந்து படிப்பார். கண் பேப்பரில் இருக்கிற மாதிரி இருக்கும், இருக்காது. என் கையில்தான் இருக்கும். எந்த வரியில் என் கத்தி நிற்கிறதோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். நிற்காமல் ரெண்டு பக்கம் ஓடினால் அந்த ரெண்டு பக்கத்துக்கும் குறுக்கே கோடு. முதல் தடவை அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு எத்தனை பூரிப்பு, நம்மை இப்படிப் பார்க்கிறாரே என்று! பார்த்தது என்னை அல்ல. ஒரு பெண்பிள்ளை எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள், எங்கே விட்டுவிடுவாள், எதைச் சொன்னால் திரும்ப வருவாள் என்று அளவெடுத்திருக்கிறார். இருபத்தேழு நாடகத்துக்கும் டெய்லர் அளவு என்னிடம்தான். அப்படி அளவெடுத்தவருக்கு இன்றைக்கு மத்தியானம் தெரியாதா, இவள் கேட்கமாட்டாள், காத்திருப்பாள் என்று? நன்றாகத் தெரியும்.

அப்பா போனபோதும் இப்படித்தான். ஆபீசிலிருந்து பாதியில் வந்து, கிளம்பு பொள்ளாச்சிக்கு, அப்பாவுக்குக் கொஞ்சம் சொகமில்லை என்றார். உக்கடத்தில் பஸ் ஏறும்போது கொஞ்சம் சொகமில்லை. ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்போது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கிணத்துக்கடவில் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் சீரியஸ்தானாம். பொள்ளாச்சியில் இறங்கி, ஆட்டோவில் உட்கார்ந்தபிறகு, "அழுதுரு சாந்தா" என்றார். எவ்வளவு பக்குவமாகச் சொன்னார் என்று ஊரே பேசியது, நானும் பேசினேன். ஒன்றரை வருஷம் கழித்து அதே பஸ், அதே நாலு நிறுத்தம், மேடையில் வந்தது. ஊர்ப் பெயர் மட்டும் மாற்றியிருந்தார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஜனம் அழுதது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, இந்த ஆள் அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா, இல்லை என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா என்று முதல் தடவையாக யோசித்தேன். யோசித்ததோடு சரி, வீட்டுக்குப் போய்த் தோசை ஊற்றினேன்.

மேடைக்குப் பால்காரர் வந்துவிட்டார். அரங்கமே சிரிக்கிறது. நாடகத்தில் மாமனார் கண் தெரியாதவர், படி எது என்று கேட்கிறார், பால்காரர் கேனை அவர் தலையில் இடிக்கிறார். இது இங்கே வரும் என்று எனக்குத் தெரியும், இங்கேதான் வரவேண்டும். "ரொம்ப நேரம் இழுத்துப் புடிச்சா கயிறு அறுந்து போகும் அம்மிணி, நடுவால கொஞ்சம் தொளதொளன்னு உடோணும், அப்பறம் வெடுக்குன்னு இழுக்கோணும்" என்பார். மத்தியானமும் அப்படித் தொளதொளவென்று விட்டாரே! பாத்ரூமிலிருந்து வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ரசத்தைக் கையில் விட்டுக் குடித்து, "இதை மேடைக்கு அனுப்பலாம், தனியா நின்னு பேசுது" என்றார். நான் சிரித்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் சிரித்தேனே, வெட்கங்கெட்டவள்! அப்போதே ரசச் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். சிரிக்கவைப்பானேன்? கெட்ட சேதியாக இருந்தால் இவரால் அப்படிப் பேச முடியுமா? முடியும். நாகமணிக்கு வந்தபோது அவள் புருஷன் கடைசி மாதம் வரைக்கும் ஜோக்குத்தான் சொன்னான். நாகமணி எங்கள் தெருவில் நாலாவது வீடு. தலை முடியெல்லாம் கொட்டி, ஸ்கார்ப் கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்கு வருவாள், எல்லோரும் அவளுக்கு வழிவிடுவோம், நாங்கள் வழி விடுவதைப் பார்த்து அவள் சிரிப்பாள். எனக்கும் வழிவிடப்போகிறார்களா? பெங்களூரில் இருக்கிற மகளிடம் இன்னும் சொல்லவில்லை. எதைச் சொல்வது, எனக்கே தெரியாதே. வேனில் வரும்போது விஜயகௌரி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. லைட் போடுகிற நாச்சிமுத்து, வாயே திறக்காத ஆள், வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "அக்கா, நீங்க இந்த சீட்ல உட்காருங்க, இதுலதான்" என்று ஓரத்து நாற்காலியைத் துடைத்துவிட்டான். எதற்கு இத்தனை உபசாரம்? சாகப்போகிறவளுக்கு நாற்காலி துடைக்கிறார்களா? பால்காரர் போய்விட்டார், சிரிப்பு அடங்கிவிட்டது, இப்போது வெடுக்கென்று இழுப்பார். இழுத்தார். பூட்டிய அறைக்குள்ளிருந்து டக், டக், டக். விளக்கு அணைந்தது. இடைவேளை.

பக்கத்து அம்மா நெஞ்சில் கைவைத்து, "ஐயோ சாமி, உள்ளார ஆள் இருக்குதுங்களே!" என்று என்னிடம் சொன்னாள். ஆளுமில்லை பேயுமில்லை, காற்றில் ஜன்னல் கதவு அடிக்கிறது, அவ்வளவுதான். அப்பட்டமான ஏமாற்று. சமையல்கட்டில் படித்துக் காட்டியபோதே சொன்னேன். "இடைவேளைல போண்டா திங்கப் போறவன் திரும்பி வரோணுமில்ல?" என்றார். திரும்பி வந்தார்கள், போண்டாவைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார்கள். இரண்டாம் பாதியில் ஜனங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுவார். அறை காலி, மகன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வீட்டை விட்டுப் போய்விட்டான், கண் தெரியாத மாமனார் தாங்கமாட்டார் என்று மருமகள் தினமும் தட்டு வைத்து எடுக்கிறாள். இப்போது அரங்கம் முழுக்கத் தெரியும், கிழவருக்கு மட்டும் தெரியாது. இதுதான் முதல் பாதியைவிடக் கெட்டியான பிடி என்பார். ஜனத்துக்குத் தெரியாதபோது வேடிக்கை பார்க்கும், தெரிந்துவிட்டால் துடிக்கும். அதோ கிழவர் மாடிப்படி ஏறுகிறார். பதினான்கு படி. ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி. மகனே, மகனே என்று கூப்பிட்டுக்கொண்டு. கடைசி வரிசையில் யாரோ, "சொல்லித் தொலையேம்மா!" என்று விஜயகௌரியைப் பார்த்து நிஜமாகவே கத்துகிறார்கள். அவள் சொல்லவில்லை, கீழே நின்று கையைப் பிசைகிறாள். வேனில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே கை. ஆறாவது படி. ஏழாவது படி. எல்லோருக்கும் தெரியும். எட்டாவது படியில் எனக்கு உறைத்தது. விஜயகௌரிக்குத் தெரியும். நாச்சிமுத்துக்குத் தெரியும். வேன் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தானே, அவனுக்கும் தெரியும். மேடையில் கிழவராகப் படியேறிக்கொண்டிருக்கிறவருக்குக்கூடத் தெரியும். தெரியாமல் படியேறுகிறவள் நான் ஒருத்தி.

எழுந்தேன். வெளியே வருவதற்குள் மூன்று பேர் முகம் சுளித்தார்கள், முக்கியமான இடத்தில் எழுந்து போகிறாளே என்று. வராந்தாவில் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று கிளினிக்குக்குப் போன் போட்டேன். ரெண்டு தடவை தப்பாக அமுக்கினேன். ஜெஸிந்தா சிஸ்டர்தான் எடுத்தாள். பெயரைச் சொன்னேன், ரிப்போர்ட் என்றேன். "அக்கா, சாந்தாமணி அக்காவா? ஏனுங்கக்கா, சார் சொல்லலீங்களா? அது சாதாரணக் கட்டிங்கக்கா. ஒண்ணுமே இல்லீங்க. ஆறு மாசம் கழிச்சு ஒருக்கா வந்து காட்டச் சொன்னாங்க டாக்டரம்மா, அவ்வளவுதான். சார் அங்கயே அழுதுட்டாருங்க. அப்பறம் போய் எங்க எல்லாருக்கும் மைசூர்பா வாங்கியாந்து குடுத்தாரு, அரைக் கிலோ. உங்களுக்குத் தெரியாதுங்களா?" தெரியாது கண்ணு, என்று சொன்னேனோ, சொல்லாமலே வைத்தேனோ. யாருடைய ஸ்கூட்டரோ, அதன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். நான் சாகப்போவதில்லை. சாகப்போவதில்லை. பிளாஸ்திரி அரித்தது, சொறிந்துகொண்டேன், யார் பார்த்தால் என்ன. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீராக வந்தது. மகள், மகளுடைய கல்யாணம், மாடியில் காயப்போட்டு எடுக்காமல் வந்த வத்தல், எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பக் கிடைத்தன. ஒரு நிமிஷம் இருக்குமா அந்தச் சந்தோஷம்? ஒரு நிமிஷம்கூட இல்லை. மைசூர்பா! என் உயிர் பிழைத்ததற்கு மத்தியானமே இனிப்புத் தின்று கையைக் கழுவிவிட்டார்கள். நர்சு தின்றாள், ஆயா தின்றாள், கிளினிக் வாட்ச்மேன் தின்றிருப்பான். அழ வேண்டிய இடத்தில் அவர் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, என்னிடம் வந்து செருப்பை ஜோடியாக வைத்திருக்கிறார்.

கெட்ட சேதியை மறைத்திருந்தால் மன்னித்திருப்பேன். பயந்துவிட்டார், பாவம், வாய் வரவில்லை என்று நானே அவருக்காகப் பேசியிருப்பேன். நல்ல சேதியை எதற்கய்யா மறைத்தாய்? எதற்கென்று எனக்குத் தெரியும், என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? பயம் பெரிதாக இருந்தால்தான் நிம்மதி பெரிதாக இருக்கும். பயத்தை வளர விடு. ஐந்து மணி நேரம் அவள் செத்துச் செத்துக் கிடக்கட்டும், கடைசியில் சொன்னால் எப்படி இருக்கும்! இவர் இதைக் கொடுமை என்று நினைத்திருக்கவேமாட்டார், அதுதான் இன்னும் எரிகிறது. எனக்குப் பரிசு கொடுப்பதாக நினைத்திருப்பார். பரிசை நன்றாகப் பொட்டலம் கட்டுவதாக நினைத்திருப்பார். அந்த ஐந்து மணி நேரத்தில் நான் மனசுக்குள் நாகமணியின் ஸ்கார்ப்பைக் கட்டிப் பார்த்தேன், என் நகையை மகளுக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று யோசித்தேன், இவருக்கு ரசம் வைக்க யார் வருவார்கள் என்றுகூடக் கவலைப்பட்டேன், மடச்சி! உள்ளே கைதட்டல் கேட்டது. இப்படியே ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். போனால்? காலி நாற்காலியைப் பார்த்து அதற்கும் ஒரு வசனம் சொல்லிவிடுவார், ஜனம் அதற்கும் அழும். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். நாச்சிமுத்து துடைத்துக் கொடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இப்போது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

நாடகம் முடிந்துவிட்டது. நடிகர்கள் வரிசையாக நிற்கிறார்கள், வேஷ்டி நுனியைப் பிடித்துக்கொண்டு இவர் வந்தார், மைக்கை வாங்கினார். நாடகம் போடக் கூப்பிட்ட சங்கத்துக்கு நன்றி, மேக்கப்புக்கு நன்றி. நிறுத்தினார். மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "உங்க எல்லாருகிட்டயும் ஒண்ணு சொல்லோணுமுங்க. பூட்டுன கதவுக்குப் பின்னால என்ன இருக்குதோன்னு ரெண்டு மணி நேரம் பயந்தீங்க. என் வீட்லயும் பத்து நாளா ஒரு கதவு பூட்டியிருந்துச்சு." எழுந்து கிளம்பின ஆட்கள் அப்படியே நின்றார்கள். பாதியில் எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். என் வியாதியைச் சொல்கிறார். கட்டி என்கிறார், ஊசி என்கிறார், எந்த இடத்தில் என்று சொல்லாமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார், நானூறு பேர் நடுவில்! சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். ஒரு மடிப்பைப் பிரித்தார். பக்கத்து அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். ரெண்டாவது மடிப்பைப் பிரித்தார். குழந்தைகூட அழவில்லை. அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு வெளிச்சம் வந்து என் மேல் விழுந்தது, என் மேல் மட்டும், கண் கூசிற்று. ஓ, அதற்குத்தான் இந்த சீட்டா? ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். வெளிச்சம் எப்போது விழ வேண்டும் என்று பேசிவைத்திருக்கிறார்கள். "சாந்தா" என்றார், குரல் உடைந்தது. நிஜமாகத்தான் உடைந்தது, அது எனக்குத் தெரியாதா? "உனக்கு ஒண்ணுமில்லை அம்மிணி."

அரங்கம் வெடித்தது. கைதட்டல், விசில், யாரோ எழுந்து நிற்கிறார்கள், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். விஜயகௌரி மேடையில் வாயைப் பொத்தி அழுகிறாள். முன்பின் தெரியாத பக்கத்து அம்மா என்னைக் கட்டிப் பிடித்து என் தோளில் மூக்கைச் சிந்தாத குறை. நானூறு தலையும் என் பக்கம் திரும்பிவிட்டன. நான் எழுந்திருப்பேன், கையைக் கூப்புவேன், உடைந்து அழுவேன், மேடைக்கு ஓடுவேன் என்று காத்திருக்கிறார்கள். அவரும் காத்திருக்கிறார். வழுக்கையில் வேர்வை மின்ன, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, உலகத்தில் வேறு யாரையும் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கைதட்டல் மெதுவாக அடங்கியது. அந்தம்மாவின் கையை என் கழுத்திலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்து, கையால் மறைக்காமல், பின்பல்லெல்லாம் தெரிய, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டேன். யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். மைக்கைப் பிடித்திருந்த அவர் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. நான் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கக் கிளம்பினேன்.